நான் தூக்கிக் கொடுத்த கல்

ஷிராஸ்,
வெள்ளிக்கிழமை மதியம்

என் உயிரே, பரஸ்தூ ஜானுக்கு உன் பாபா எழுதுவது. சுகமாக இருக்கிறாயா அம்மா? ஹாம்பர்க்கில் மழை விட்டதா, கட்டைவிரலில் உளி பட்ட காயம் ஆறியதா, வேளைக்குச் சோறு பொங்கிச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகவே பொழுதை ஓட்டுகிறாயா? இங்கே உன் அம்மா கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறாள், முழங்கால் வலி இந்தக் குளிருக்கு நான் பயந்த அளவு இல்லை. தம்பி அர்தலானும் நன்றாக இருக்கிறான். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும், இந்த வருஷத்துக்குச் சொன்ன பொய்களே எனக்குப் போதும். வாரா வாரம் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இந்த மனுஷனுக்குத் திடீரென்று காகிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் அம்மா, அதனால்தான். கொஞ்ச நாளாகவே நீ தோட்டத்தைக் காட்டுங்க பாபா என்று கேட்டால் ஒரு நாள் வெயில் கண்ணைக் கூசுகிறது என்றேன், ஒரு நாள் சேறாக இருக்கிறது என்றேன், ஒரு நாள் சார்ஜ் இல்லை என்று சொல்லி நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் அந்தப் பக்கம் கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் மற்ற சேதிகளைச் சொல்லிவிடுகிறேன், அதுவரைக்கும் எனக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும். உன் மலிஹே அத்தை புதுப் பல் கட்டிக்கொண்டாள், பல் வந்ததும் வாய் இன்னும் கூடிவிட்டது. நாரத்தை மரம் இந்த வருஷம் கிளை தாங்காமல் காய்த்தது, உன் அம்மா சாறு பிழிந்து புட்டி புட்டியாக அடைத்து வைத்திருக்கிறாள், உனக்கும் ஒன்று இவர் கையில் வருகிறது, பெட்டியில் ஒழுகினால் அவரைத் திட்டாதே. அர்தலானுக்கும் நெகினுக்கும் கல்யாணம் பேசி முடிவானது உனக்குத் தெரியும். நல்ல பெண், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், நான் அதே கதையை இரண்டாம் முறை சொன்னாலும் சிரிக்கிறாள். அவள் அப்பா நொஸ்ரதி கட்டடச் சாமான் வியாபாரம் செய்கிறார், ஊருக்கு வெளியே மாதுளைத் தோப்பும் அதற்குள் பெரிய வீடும் வைத்திருக்கிறார். பெரிய மனிதர், பெரிய சிரிப்பு, பெரிய வண்டி. நம்மைவிட ஒரு படி மேலே இருக்கிறவர்கள் என்பது என் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

நம் புது வீட்டுத் தோட்டத்தை நீ எப்படிப் போட்டாய் என்று நான் உனக்கே சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், எனக்கு இப்போதுதான் புரிந்தது என்பதால் சொல்கிறேன். அந்தக் கோடை முழுக்க செங்கலும் சிமெண்ட்டும் கிடந்த முற்றத்தில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நீ அந்தக் கல்லைச் செதுக்கினாய். ஆள் உயரம் இல்லை, நெஞ்சு உயரம், வாய்க்காலில் முகம் கழுவக் குனிகிறவர் மாதிரி ஒரு வளைவு, மடியில் ஒரு குழிவு, மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் உளி பட்ட தடம் அப்படியே. வீட்டுக்காரர்கள் எல்லாரும் முதலில் பாதை போட்டு, செடி வைத்து, மிச்சம் இருக்கிற மூலையில் ஒரு சிலையை வைப்பார்கள். நீயோ முதலில் கல் நிற்கிற இடத்தைச் சொன்னாய், பிறகுதான் மற்றதெல்லாம். வாசலில் இருந்து வருகிற பாதை நேராக வராமல் வளைந்து, கல் நாரத்தைக்குப் பின்னால் மறைந்து மறுபடி தெரிய வேண்டும் என்றாய். வாய்க்கால் அதன் காலடியில் திரும்ப வேண்டும், பின்சுவரில் வெறும் மண் பூச்சுதான் இருக்க வேண்டும், நிழல் விழ. அம்மா ரோஜா கேட்டபோது ரோஜா வைத்தால் எல்லாரும் ரோஜாவைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லித் தரையோடு படர்கிற சாம்பல் நிறச் செடிகளைக் கொடுத்தாய். சமையலறை ஜன்னல் கண்ணாடியைக்கூட அந்தக் கல்லுக்காகக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ள வைத்தாய். கடைசி நாள் கிரேன் வந்தபோது நீயே நின்று இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று திருப்பி நிறுத்திவிட்டு விமானத்துக்கு ஓடினாய். நான் அப்போது வண்டி தாமதமாகிறது என்று வாசலில் கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது வெட்கப்பட வேண்டியதை எழுதுகிறேன். அந்தக் கல்லைச் செய்தது நீ என்று நான் யாருக்கும் சொல்லவில்லை அம்மா. இங்கே கல் செதுக்குகிறவர் என்றால் கல்லறைக்குப் பலகை வெட்டுகிறவர் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். நீ சிற்பம் படிக்கப் போன புதிதில் மலிஹே அத்தையே, "டாக்டர் மகளுக்கு வேற வேலையா கெடைக்கல, நான் செத்தா என் பேரை அவளே வெட்டிருவா, செலவு மிச்சம்" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரித்தாள். மருந்துக் கடை வைத்திருந்த என்னை இந்தத் தெருவே டாக்டர் என்று கூப்பிடுகிறது, அந்தப் பெயருக்கு நான் கொடுக்கிற விலை கொஞ்சநஞ்சமல்ல. அன்றிலிருந்து மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஜெர்மனியில் ஆர்க்கிடெக்ட் என்றேன். தோட்டத்தில் நிற்கிறது என்ன என்று கேட்டால் யாரோ வெளிநாட்டுச் சிற்பி செய்தது, கட்டடக்காரர் மூலம் வந்தது என்றேன். இரண்டு பொய்யும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்து நன்றாகவே நின்றன.

நொஸ்ரதி குடும்பம் முதல் முறை நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். உன் அம்மா முட்டைக்கோஸ் சோறு செய்திருந்தாள், ஆட்டுக்கால், ஆறு வகை ஊறுகாய், ஒன்றிலும் குறையில்லை. சாப்பிட்டு முடித்து நொஸ்ரதி டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடி அருகில் போய் நின்றவர் திரும்பவே இல்லை. "டாக்டர், இது என்னங்க, இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே, தோட்டமே இதுக்காகப் பொறந்த மாதிரி இருக்கு" என்றார். யார் செஞ்சது என்று கேட்டார், நானும் வழக்கமான பொய்யைச் சொன்னேன். பிறகு நம் ஊர்க்காரன் எவனும் மரியாதைக்குச் சொல்கிறதைச் சொன்னேன், உங்களுக்கே அது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். டாக்சிக்காரர்கூடக் காசு வாங்கும் முன் வேண்டாம் சார் என்பார், அதற்காகக் கொடுக்காமல் இறங்கிப் போவோமா? நொஸ்ரதியும் முறைப்படி, "ஐயோ, அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்றார். உங்கள் தோப்புக்குப் போனால் அதற்குத்தான் பெருமை என்றேன். "கண்ணால பார்த்ததே போதும் டாக்டர்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம், எல்லாரும் அத்தோடுதான் விடுவார்கள். நான் விடவில்லை. எல்லார் முன்னாலும் என் கை எவ்வளவு தாராளம் என்று காட்ட வேண்டும் என்ற வெறியில், "அர்தலான் தலைமேல சத்தியம், நீங்க எடுத்துக்கலேன்னா என் மனசு கஷ்டப்படும்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகு பெண்ணைப் பெற்றவர் எப்படி வேண்டாம் என்பார்? அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். உன் அம்மா கையில் இருந்த பழத்தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து வெள்ளரிக்காய் உருண்டது.

வாய் தவறிவிட்டது என்று உனக்கு எழுதி முடித்துக்கொள்ளலாம். அது முழு உண்மை இல்லை. அது போனால் போகட்டும், இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், பொய்யும் அதோடு போய்விடும் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதை எழுதும்போது எனக்குக் காது வரைக்கும் சுடுகிறது, ஆனால் வந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் ஆட்கள் கிரேன் வண்டியும் இனிப்புப் பெட்டியுமாக வந்தார்கள். உன் அம்மா அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தடுத்திருக்கலாம், ஆள் இல்லை அப்புறம் வாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், வண்டி திரும்ப வசதியாக லாவெண்டர் தொட்டிகளைக்கூட நகர்த்திக் கொடுத்தேன். உன் அம்மா வந்து சமையலறைக்குப் போனாள், கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள், ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள், குழாயை மூடாமல் அப்படியே நின்றாள். "எங்கே?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அவ செஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுஷன் தொட்டிருப்பாரா?" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், சட்டை தேய்த்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் அளந்துதான்.

பரஸ்தூ, அந்த இடம் காலியானதும்தான் நீ என்ன செய்து வைத்திருந்தாய் என்று எனக்கு உறைத்தது. பாதை ஒன்றுமில்லாத இடத்துக்கு வளைந்து வளைந்து போகிறது. வாய்க்கால் காரணமே இல்லாமல் திரும்புகிறது. கல்லுக்கு எதிரே நீ போட வைத்த பெஞ்சு வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஜன்னல் அதே சுவரைச் சட்டம் போட்டுக் காட்டுகிறது. எதையாவது வைத்து மறைக்கலாம் என்று பெரிய மண்சாடி ஒன்றில் ஜெரேனியம் வைத்தேன், அது யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. சாலையோரம் விற்கிற பிளாஸ்டர் சிங்கம் ஒன்றை வாங்கி வந்தேன், அதைப் பார்த்து அர்தலான், "பாபா, இது நம்மளைப் பார்த்துச் சிரிக்குது" என்றான், மறுநாளே மலிஹே அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன், அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அவள் நம் தோட்டத்தைச் சுற்றி வந்து, "மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாண மேடை மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கேலி செய்தாலும் சரியாகத்தான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் நீ போன் செய்து நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வருகிறேன் என்றாய். செடியெல்லாம் வளர்ந்த பிறகு அது எப்படி நிற்கிறது என்று பார்க்கத்தான் பாபா வருகிறேன் என்றாய். அம்மா போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வா அம்மா, உனக்காகக் காத்திருக்கிறோம் என்று வாய் சொன்னது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அர்தலான் கல்யாணம் என்னவாகும், கேட்காவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன், இதையே போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நொஸ்ரதி தோப்பு வீட்டில் எங்களுக்கு விருந்து. உன் சிற்பத்தை அவர்கள் நீச்சல் குளத்து ஓரம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் சிவப்பு, பச்சை விளக்கு. மடிக் குழிவில் ஓட்டை போட்டு ரப்பர் குழாய் செருகியிருந்தார்கள், வாய் கொப்பளிக்கிறவன் மாதிரி அது தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தது. நொஸ்ரதி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொள்கிறார், வருகிறவர்களை எல்லாம் அங்கே கூட்டிப்போய்க் காட்டுகிறார். அன்றைக்கும் ஐந்தாறு விருந்தாளிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, "சம்பந்தி குடுத்தது, வெளிநாட்டுக்காரர் செஞ்சது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, "டாக்டர், அந்தச் சிற்பி பேர் என்ன சொன்னீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருப்பேன் அம்மா, நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. எதிரே உன் அம்மா தட்டில் மாதுளை உதிர்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பரஸ்தூ" என்றேன். "என் மக."

"உங்க மக ஆர்க்கிடெக்ட் இல்லையா?" என்று நொஸ்ரதி கேட்டார். இல்லை, சிற்பி, இதை எங்கள் முற்றத்திலேயே செய்தாள், நான்தான் சொல்ல வெட்கப்பட்டு மாற்றிச் சொன்னேன் என்றேன். அவர் மனைவி ஷஹ்லா, "பெத்த பொண்ணு கைவேலையைத் தூக்கி அடுத்தவங்க வீட்டுக்குக் குடுத்தீங்களா? எங்களை வேற அதுக்கு உடந்தையாக்கிட்டீங்களே" என்றாள். ஒவ்வொரு வார்த்தையும் சரி. நொஸ்ரதி கழுத்து வரைக்கும் சிவந்துபோய், "அப்போ இது உங்களோடதுதான் டாக்டர், எடுத்துட்டுப் போங்க" என்றார். நான் என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். சேச்சே, அது எப்படி என்று ஒரு தடவை, கொடுத்தது கொடுத்ததுதான் என்று இன்னொரு தடவை, குறைந்தது மூன்று தடவையாவது மறுக்க வேண்டும், அதற்குள் அவரே நல்ல முறையில் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி கிடைத்திருக்கும். நான், "சரி, நாளைக்கு வண்டி அனுப்புறேன்" என்றேன். முதல் வார்த்தையிலேயே. நம் குடும்பத்தில் இப்படி ஒருவன் செய்ததாக நான் கேட்டதே இல்லை. அர்தலான் முகத்தைப் பொத்திக்கொண்டான். ஷஹ்லாவின் புருவம் ஏறிய ஏற்றம் இன்னும் இறங்கியிருக்காது.

கல்யாணம் நிற்கவில்லை, பயப்படாதே. நெகின் அர்தலானுக்குப் போன் செய்து, "உங்க அக்கா வந்ததும் நான்தான் முதல்ல பார்க்கணும்" என்றாளாம். ஆனால் நொஸ்ரதி இப்போது என்னை டாக்டர் என்று கூப்பிடுவதில்லை, முழுப் பெயர் சொல்லி மரியாதையாகப் பேசுகிறார், அது திட்டுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்ட ஆள் என்று ரொட்டிக் கடை வரிசை வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. வரட்டும். கேட்டவர்களிடம் ஆமாம், பிடுங்கினேன், என் மகள் செய்தது என்கிறேன். முதல் தடவை சொல்ல நாக்கு தடுக்கியது, இப்போது பரவாயில்லை. ஓட்டை போட்டது போட்டதுதான், விரல் போகிற அளவு இருக்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னார், வேண்டாம் என்றேன். அதை நீ பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன சொல்ல வேண்டுமோ சொல்.

சொன்னபடி மறுநாள் சனிக்கிழமையே வண்டி அனுப்பினேன். கல் வீடு வந்து சேர்ந்தது, கிரேன்காரர் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்தப் பக்கம் சார் வீட்டைப் பார்க்கணும்?" என்று கேட்டார். வழவழப்பான பக்கம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். எனக்குத் தெரியவில்லை பரஸ்தூ. ஒன்றரை வருஷம் அதற்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன், எந்தப் பக்கம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை. போனில் தேடினேன், வீட்டு முகப்பும் மாடிப்படியும் கண்ணாடியும் விதவிதமாக எடுத்து வைத்திருக்கிறேன், உன் கல்லை ஒரு தடவைகூட எடுக்கவில்லை, விருந்துப் படங்களில் எல்லாம் அதற்கு முன்னால் யாராவது நின்று மறைக்கிறார்கள், பாதிப் படங்களில் நான்தான். உன் வரைபடத்தில் மேலே இருந்து பார்த்த மாதிரி ஒரு வட்டம்தான் இருக்கிறது. அர்தலானும் திருதிருவென்று விழித்தான், ஏதாவது ஒரு பக்கம் வைங்க பாபா, அக்கா வந்து திருப்பிக்குவா என்றான். அப்படியும் செய்திருப்பேன். உன் அம்மா சமையலறை வாசலில் நின்று, "எனக்குத் தெரியும். தினமும் பார்த்தவ நான். ஆனா சொல்ல மாட்டேன். நீங்களே எழுதி அவகிட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கிரேன்காரர் பாவம், பக்கவாட்டில் மெதுவாகப் படுக்க வைத்துவிட்டுப் போனார், பழைய கம்பளி ஒன்றைப் போர்த்தி வைத்திருக்கிறேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் கைக்கு ஒரு குறையும் வரக் கூடாது, எந்த ஊரில் எந்தக் கல்லைத் தொட்டாலும் அது உனக்கு இணங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். குளிருக்குத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள். கோபம் வந்தால் அடக்காதே, போன் செய்து திட்டு, நான் வைக்க மாட்டேன். மறக்காமல் இதற்கு மட்டும் பதில் எழுது அம்மா: எந்தப் பக்கம் வீட்டைப் பார்க்க வேண்டும்?

பார்க்கத் தவறியவன்,
உன் பாபா ஹொர்மொஸ்